முனைவருக்குப் பிறகு இன்னும் இரண்டு வருஷம்

(பெரம்பூரில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஓர் உளவியலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிள்ளைகளை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, விட முடியாமல் கூடவே கூட்டி வந்திருப்பவர்களே, பின்வரிசையில் நடந்துகொண்டிருக்கும் தம்பி நடக்கட்டும். யாரும் அவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம். எனக்கு அது இடைஞ்சல் இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பை நோட்டீஸில் பார்த்தேன். குழந்தை உளவியல், ஆட்டிசம், நரம்பு வளர்ச்சிக் குறைபாடு, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி என்று நீளமாகப் போகிறது. படித்துப் பயந்துபோய் வராமல் இருந்தவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். வந்தவர்களுக்குச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுகிறாரே ஒருவர், அவருக்கு அந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள், எங்கே வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்? நான் பேச வந்தது இதைத்தான்.

இந்த ஊருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1856-லிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் இருக்கிற ஊர். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஐ.டி.ஐ. முடித்த பையன் மறுநாளே பெட்டிக்கு அடியில் படுத்து பிரேக்கில் கை வைப்பதில்லை. ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்று சேர்ந்து, ஒரு மூத்த ஃபிட்டரின் பக்கத்தில் நின்று, அவர் கை போகும் விதத்தைப் பார்த்து, திட்டு வாங்கித்தான் தேறுகிறான். இரும்பு விஷயத்தில் நாம் இவ்வளவு ஜாக்கிரதை. மூன்று வயதாகியும் ‘அம்மா’ என்று கூப்பிடாத பிள்ளை விஷயத்தில், சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஒருவர் குழந்தை உளவியலாளராக வேண்டுமென்றால் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருஷம் படிக்கிறார். அதிலேயே ஒரு முழு வருஷம் இன்டர்ன்ஷிப். பட்டம் வாங்கிய பிறகும் நம்பி விட்டுவிடுவதில்லை. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற மொத்தம் 3,000 மணி நேரம் மூத்தவர் ஒருவரின் சூப்பர்விஷனில் வேலை பார்த்திருக்க வேண்டும். அதில் பாதியாவது பட்டத்துக்குப் பிறகு பார்த்ததாக இருக்க வேண்டும். சில மாநிலங்கள் இந்த விதியைத் தளர்த்திவிட்டன. ஆனால் ஆட்டிசம் போன்ற ஒரு துறையில் ஊன்ற நினைப்பவர்கள், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒன்றிரண்டு வருஷம் இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். அதைத்தான் ‘போஸ்ட்டாக்’ என்கிறார்கள்.

அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் என்ன நடக்கிறது? ஆட்டிசத்தைக் கண்டறிய ‘ஏடாஸ்’ என்று ஒரு முறை உலகம் முழுக்கப் புழங்குகிறது. சோப்புக் குமிழி ஊதுவது, பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது என்று பார்வைக்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். பயிற்சியாளர் அதை நடத்தி மதிப்பெண் போடுவார். அதே குழந்தைக்கு ஆசான் தனியாக மதிப்பெண் போடுவார். ஆராய்ச்சிக்குத் தகுதி என்று ஒப்புக்கொள்ள, இரண்டு தாள்களும் நூற்றுக்கு எண்பது அளவுக்காவது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வீடியோவைத் திரும்பப் போட்டு, “இங்கே அவள் உன்னைப் பார்த்தாளா, உன் கையிலிருந்த குமிழி டப்பாவைப் பார்த்தாளா?” என்று கேட்பார்கள். ஒரே கேள்விதான். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல மாதக்கணக்கில் ஆகும்.

பிறந்தநாள் கேக்கெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை, அதனால் அந்த முறை இங்கே செல்லாது என்று சிலர் எழுதுகிறார்கள். பெரம்பூரில் கேக் தெரியாத பிள்ளையை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்! சிக்கல் கேக்கில் இல்லை. கூட்டுக் குடும்பத்தில், ஒற்றை அறையில், பத்துப் பேர் நடுவில் வளர்கிற பிள்ளை. அதை ஒரு மேஜைக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு, கதவைச் சாத்திவிட்டுத் தனியாக விளையாடச் சொல்கிறோம். அதில் மிரளுகிற பிள்ளை எது, ஆட்டிசம் உள்ள பிள்ளை எது என்று பிரித்துப் பார்க்கிற கண்ணைப் புத்தகம் தராது.

பட்டம் வேறு, பயிற்சி வேறு என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. புரூனோ பெட்டல்ஹைம். வியன்னாக்காரர். நாஜிகளின் வதைமுகாமில் இருந்து மீண்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1944 முதல் 1973 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளியை நடத்தினார். டாக்டர் பட்டம் இருந்தது; ஆனால் அது அழகியலில் வாங்கிய பட்டம். அவர் 1967-இல் எழுதிய ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்’ என்ற நூல், பிள்ளை ஒடுங்கிப்போவதற்குத் தாயின் பாசமின்மைதான் காரணம் என்ற எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எழுத்து வன்மை அப்படி. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். இன்றைக்கும் ஓட்டேரியிலோ புளியந்தோப்பிலோ ஒரு மாமியார், “நீ செல்போனைக் கையில குடுத்த, அதான் புள்ள இப்படி ஆயிடுச்சு” என்று சொல்லும்போது, பெட்டல்ஹைம் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய வாதத்தைத்தான் சொல்கிறார்.

அந்த வாதத்தை உடைத்தவர்கள் யார்? பெர்னார்ட் ரிம்லாண்ட், உளவியலில் முனைவர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பன். உடலியல் காரணத்தைத் தேடுங்கள் என்று 1964-லேயே நூல் எழுதினார். அடுத்தவர் எரிக் ஷாப்லர். பெட்டல்ஹைம் இருந்த அதே சிகாகோவில் படித்தவர்தான். வட கரோலைனாவுக்குப் போய் அவர் 1972-இல் மாநில அளவில் நிறுவிய ‘டீச்’ திட்டத்தில், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிச் சிகிச்சையாளரின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்றாவது ஆள் லண்டனில் இருந்த லோர்னா விங். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாய். அவரிடம் பிறகு வருகிறேன். பெரம்பூருக்கு மிகவும் வேண்டியவர் அவர்தான்.

இப்போது நம் நாட்டு நிலவரம். சட்டத்தைப் பற்றி அதிகம் பேசி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். இந்தியாவில் ஒருவர் தன்னைக் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டு தொழில் பார்க்க, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான வழக்கமான தகுதி இரண்டாண்டு எம்.ஃபில். இந்தப் படிப்பின் வேர் 1955-இல் பெங்களூரில், பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆன நிறுவனத்தில், ஒரு டிப்ளமாவாகப் பிடித்தது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஹெல்மெட் போடாமல் போனால் கட்டுகிற தொகை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியதால் மட்டும் இந்தப் பதிவு கிடைக்காது. வாசல் பலகையில் ‘டாக்டர்’ என்று இருப்பவர் பதிவு பெறாதவராக இருக்கலாம்; பெயருக்கு முன்னால் ஒன்றும் போடாத இளம்பெண் முறையாகப் பதிவு பெற்றவராக இருக்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் மறுபடி போக வேண்டாம். அந்த எம்.ஃபில்.லும் பெரியவர்கள், சிறியவர்கள், போதைப் பழக்கம், நரம்பியல் என்று எல்லாவற்றையும் தொட்டுப்போகிற படிப்பு. குழந்தைகள் அதில் ஒரு பகுதிதான்; ஆட்டிசம் அந்தப் பகுதிக்குள் ஒரு பகுதி. புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது, இந்தத் துறைக்கு 2025-26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு தவணை கொடுத்தது. அடுத்து வரும் படிப்புகளை வடிவமைக்கிற நேரத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால்தான் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன்.

குழந்தை மனநலத்தில் மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இருக்கிறது. நிம்ஹான்ஸில் டி.எம்., வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சி மருத்துவத்தில் ஃபெலோஷிப் என்று வழிகள் உண்டு. உளவியல் முனைவர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். போன்ற அமைப்புகள் தரும் போஸ்ட்டாக் உதவித்தொகை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதற்கானது. அதில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு குழந்தையோடும் தரையில் உட்காராமலே வெளியே வரலாம். ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று திட்டுகிற மூத்த ஃபிட்டர் அதில் இல்லை.

அந்தத் திட்டு ஏன் வேண்டும்? விவரங்களை மாற்றி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வியாசர்பாடிப் பக்கம். ஆறு வயது. அம்மா கையில் பிளாஸ்டிக் கவர் நிறைய ரிப்போர்ட், எல்லாம் இங்கிலீஷில். பையன் உள்ளே வந்ததும் பிளாட்ஃபார அறிவிப்பின் குரலிலேயே, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே வாசகம். என்னோடு இருந்த இளம் உளவியலாளர் புத்திசாலி, நல்ல படிப்பு. ‘கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான், பொருளற்ற பேச்சு’ என்று குறித்துக்கொண்டார். பாடப்புத்தகப்படி அது தவறே இல்லை.

நான் அம்மாவிடம், “வீட்ல இதை எப்பம்மா சொல்லுவான்?” என்று கேட்டேன். “வெளிய போணும்னா சொல்லுவான் மேடம். செருப்ப எடுத்து வெச்சிட்டு சொல்லுவான். அவங்க அப்பாகூட பெரம்பூர் ஸ்டேஷன்ல போய் நிப்பான், அதுலேர்ந்து” என்றார். அதாவது பையன் எங்களிடம் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறான்: எனக்கு இந்த அறை பிடிக்கவில்லை, போகலாம். ரிப்போர்ட்டில் அது பொருளற்ற பேச்சு.

இது நான் கண்டுபிடித்ததில்லை. ஆட்டிசத்தை 1943-இல் பால்டிமோரிலிருந்து பதினொரு குழந்தைகளை வைத்து முதலில் விவரித்த லியோ கானர், 1946-லேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் வார்த்தைக்கு அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் எங்கோ ஓர் ஆரம்பம் இருக்கிறது, அந்த இடம் தெரிந்தவருக்கு அது புரியும் என்றார். அதைப் படிக்காத உளவியலாளர் இல்லை. ஆனால் படித்தது காதில் விழ வேண்டுமே! அதே பையன் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம் என்று ஆவடி வரைக்கும் முன்னாலும் பின்னாலும் தடங்கலில்லாமல் சொன்னான். எங்கள் அறிவுத்திறன் சோதனையில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

அரசுச் சான்றிதழுக்கு நாம் பயன்படுத்தும் ‘ஐசா’ அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலேயே, செகந்திராபாத் தேசிய நிறுவனத்தில் உருவானது. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70-லிருந்து ஆட்டிசம் என்று கணக்கு. நல்ல கருவிதான், அதைக் குறை சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அந்த ஒன்று முதல் ஐந்து என்பது, ஒரு நடத்தை ‘எவ்வளவு அடிக்கடி’ வருகிறது என்பதை வைத்துப் போடுவது. அடிக்கடி என்றால் எதோடு ஒப்பிட்டு? ஐந்நூறு பிள்ளைகளைப் பார்த்தவர் போடும் மூன்றும், ஐந்து பிள்ளைகளைப் பார்த்தவர் போடும் மூன்றும் ஒன்றாகாது. அந்த எண்ணிலிருந்துதான் ஊனத்தின் சதவீதம் வருகிறது. உதவித்தொகை, பஸ் பாஸ், தேர்வில் சலுகை எல்லாம் அதன் பின்னால் நிற்கின்றன. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு ஊனங்களில் ஆட்டிசம் கிடையாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-இல்தான் இடம் கிடைத்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறவரின் கைப் பழக்கம்தான் இனி கேள்வி.

லோர்னா விங்குக்கு வருகிறேன். கானர் பார்த்த அந்தப் பதினொரு குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் நிறையப் படித்தவர்கள், வசதியானவர்கள். அதனால் இது படித்த வீட்டு நோய் என்றொரு பேச்சு முப்பது வருஷம் ஓடியது. விங்கும் அவரோடு பணியாற்றிய உளவியலாளர் ஜூடித் கூல்டும் வேறு வழியில் போனார்கள். லண்டனில் கேம்பர்வெல் என்ற உழைக்கும் மக்கள் பகுதியில், கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே ஊனம் இருப்பதாகத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளையும் தேடிப் போனார்கள். 1979-இல் அந்த ஆய்வு வந்தது. கானர் வரைந்த வட்டத்துக்கு வெளியே அதே தன்மையுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆட்டிசத்தை ஒரு நிறமாலை என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கருத்து அங்கே தேடிப் போனதில் விளைந்தது. அடுத்த வருஷமே விங் இன்னொரு கட்டுரை எழுதினார்: ஆட்டிசத்துக்கும் வர்க்கத்துக்கும் உறவு இருப்பதாகத் தெரிவது, யார் கிளினிக் வரை வந்து சேர்கிறார்கள் என்பதால் வரும் தோற்றமா என்று.

சென்னை வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி தரமணியில். பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். எல்லாம் அருமையான இடங்கள். அவற்றில் வேலை பார்த்தவர்களிடம் நான் கற்றிருக்கிறேன். ஆனால் எண்ணூரில் இருந்து ஒரு தாய், கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி முட்டுக்காடு போக வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். இந்தப் பக்கத்தில் கூப்பிடு தூரத்தில் இருப்பது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1871-லிருந்து அங்கே இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே சினிமாக்காரர்கள் வசவாக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக எந்தப் பாட்டி சம்மதிப்பாள்? ஆக, நம் பயிற்சி மாணவர்கள் பார்க்கிற பிள்ளைகள், வந்து சேர முடிந்த பிள்ளைகள். கானர் பார்த்ததும் அவர்களைத்தான்.

கணக்கெடுப்பும் அப்படித்தான். இந்தியாவில் ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்த பெரிய ஆய்வு 2018-இல் வெளியானது. பல்வல், காங்ரா, தேன்கனல், வட கோவா, ஹைதராபாத். இரண்டு முதல் ஆறு வயதுக்குள் நூற்றுக்கு 9 பேருக்கும், ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் 13 பேருக்கும் மேல் ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. காது கேளாமை, வலிப்பு எல்லாம் சேர்த்து. அந்த ஐந்தில் தமிழ் பேசும் ஊர் ஒன்றுகூட இல்லை. கடல் தாண்டி இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் ஹேமமாலி பெரேராவின் குழு, வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரை அது தவறவிட்டது. பிறகு அவர்கள் நடத்தைகளைப் படங்களாகத் தாய்மாரிடம் காட்டும் முறையை உருவாக்கினார்கள். படத்தைக் காட்டினால், “ஆமா, இப்படித்தான்” என்று அம்மா சொல்லிவிடுகிறார். இதெல்லாம் முனைவர்கள் தெருவில் இறங்கியதால் வந்த பலன்.

ஒரு நண்பர் கேட்டார்: கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வில், பட்டம் எதுவும் இல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்துப் பலன் கண்டார்களே, இதற்கு எதற்கு போஸ்ட்டாக்? நல்ல கேள்வி. 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு அது. 65 குழந்தைகள். அம்மா பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவோடு சேர்ந்து பார்த்து, “இங்க நீங்க கொஞ்சம் காத்திருந்தீங்க, உடனே அவன் திரும்பினான் பாருங்க” என்று காட்டுகிற முறை. பணியாளர்கள் அதைச் செய்ய முடிந்தது உண்மை. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, கூடவே இருந்து திருத்தியவர்கள் இருந்தார்கள். நூறு பணியாளர்களுக்குப் பத்து சூப்பர்வைசர்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேரை எங்கே வைத்துத் தயார் செய்வது என்பதுதான் என் கேள்வி.

இங்கே வைத்துச் செய்யலாம் என்கிறேன். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை நான்கும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. முனைவர் பட்டமும் பதிவும் உள்ள இளைஞர்கள் நாலு பேர் போதும், இரண்டு வருஷம். வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை, ஒரு நாள் அங்கன்வாடி, ஒரு நாள் மாநகராட்சிப் பள்ளி. ஒரு நாள் முழுக்க சூப்பர்விஷன்: எடுத்த வீடியோவைப் போட்டுத் திட்டு வாங்குவது. எழுதுகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அம்மா படிக்கிற மாதிரி ஒரு பக்கம் தமிழில். அதை எழுத முடியாதவருக்குச் சான்றிதழ் தரக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் ‘விழுதுகள்’ மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை அங்கே இருக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவில் கென்னடி 1963-இல் போட்ட சட்டத்தின் வழியில் வந்த ‘லெண்ட்’ என்ற பயிற்சித் திட்டம் இன்று 60 இடங்களில் நடக்கிறது. உளவியலாளர், குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். அவர்களோடு பெற்றோரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் உண்டு. நோயாளிக் குடும்பமாக இல்லை, கற்றுக்கொடுக்கும் ஆட்களாக. ‘குடும்பம்’ என்பது அங்கே ஒரு பாடத்துறை.

நம் திட்டத்திலும் அது வேண்டும். செருப்பை எடுத்து வைத்துவிட்டுப் பையன் என்ன சொல்கிறான் என்று எனக்குச் சொன்ன அந்த அம்மா, மாதம் ஒரு வகுப்பு எடுக்கட்டும். வந்துபோக ஆட்டோ சத்தம் கொடுத்து, ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடும் வேலை வேண்டாம். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் விருந்தினர் விரிவுரையாளருக்கு எந்தக் கணக்குத் தலைப்பில், எவ்வளவு கொடுக்கிறோமோ, அதே தலைப்பில், அதே தொகை. நிதித்துறையினர் முதலில் இதைத்தான் அடிப்பார்கள். எனவே திட்ட வரைவில் இதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.